வாசத்துக்கு வைத்த குக்கர்

எங்கள் காம்பவுண்டில் சோறே பொங்காத குக்கர் ஒன்று இருக்கிறது. ஒரு தீபாவளிக்குப் போனஸோடு சேர்த்து எங்கள் யூனிட் ஆட்களுக்கு நாங்களே கொடுத்த எலக்ட்ரிக் குக்கர்தான். மற்றவர்கள் அதில் சோறு வைத்தார்கள். சிலர் ஊருக்குக் கொண்டுபோய்த் தங்கச்சி கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் அதை அட்டைப்பெட்டியோடு பரண்மேல் ஏற்றிவிட்டு, டிசம்பர் பிறந்தால் இறக்குவாள். தண்ணீர் ஊற்றி, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, தட்டின சுக்கு ஒரு துண்டு, நாலைந்து எலுமிச்சை இலை போட்டு, மூடியே போடாமல் ஸ்விட்சைத் தட்டுவாள். குடிக்கிறதற்கு இல்லை, குளிக்கிறதற்கும் இல்லை. வீடு மணக்கிறதற்கு. தண்ணீர் வற்ற வற்ற ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டே இருந்தால் காலையில் வைத்தது பொழுது சாய்கிற வரைக்கும் மணக்கும்.

நானும் என் வீட்டுக்காரர் லிங்கசாமியும் திருப்பூர் மண்ணரையில் குழந்தைத் துணி தைக்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறோம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி துணியை வெட்டிக் கொடுக்கும். நாங்கள் தைத்து, செக்கிங் பார்த்து, பையில் போட்டுக் கொடுப்போம். முன்பக்கம் எங்கள் வீடு, பக்கத்தில் ஷெட், பின்னால் வரிசையாக லைன் வீடுகள். அதில் கடைசி வீடு புஷ்பத்தின் வீடு. அவளுக்கு நாசரேத் பக்கம். கல்யாணமான கையோடு புருசன் ஆசீரோடு திருப்பூருக்கு வந்தவள். மகளை சோமனூரில் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஆசீர் நிட்டிங் மில்லில் நைட் ஷிப்ட். அவள் எங்களிடம் செக்கிங்.

செக்கிங் என்றால் சும்மா இல்லை. தைத்து வந்த துணியை மேசையில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எண்ணெய் வாசம், ஈரம் காயாத மக்கு வாசம் வருகிறதா என்று மோந்தும் பார்க்க வேண்டும். மற்ற பெண்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே பார்ப்பார்கள். புஷ்பம் துணியோடு பேசிக்கொண்டே பார்ப்பாள். "ஏட்டி, ஒன் கழுத்து ஏன் இப்பிடிக் கோணியிருக்கு? எந்தப் பய தச்சான் ஒன்னய?" என்று கேட்டுவிட்டு அதை ஓரமாக வைப்பாள். நல்லதாக இருந்தால் வயிற்றுப் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி மடித்து வைப்பாள், ஏதோ பாலைக் குடித்த பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கையைத் தாண்டிப் போன துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் என்னமோ பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குக்கர் விவகாரம் எங்கே பிடித்த பழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். எங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தாளாம். ஒரு டிசம்பரில் துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து வெள்ளைக்காரம்மா ஒருத்தி வந்து, வேலை முடியாமல் பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டாளாம். ஒருநாள் டீ போடுகிற அறைக்கு வந்து ஒரு பாத்திரம் கேட்டு வாங்கி, ஆரஞ்சுத் தோலையும் பட்டையையும் போட்டு மெல்லக் கொதிக்க விட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாளாம். அன்றைக்கு டீ கொடுக்கிற முறை புஷ்பத்துக்கு.

"பாவம், சளி போலன்னு நெனச்சு வடிகட்டி டம்ளர்ல ஊத்தி, கருப்பட்டியும் போட்டுக் கொண்டு நீட்டுனேம்க்கா. அவ சிரிக்கா, சிரிக்கா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கா. பெறவு அந்த டம்ளரை வாங்கி முழுசையும் குடிச்சிட்டா."

அடுத்த கிறிஸ்துமஸிலிருந்து புஷ்பமும் ஆரம்பித்துவிட்டாள். சுக்கும் எலுமிச்சை இலையும் அவளாகச் சேர்த்துக்கொண்டது.

அவள் பக்கத்து வீட்டுக் கோமளாவுக்கு இதை வைத்துக் கிண்டல் பண்ணாமல் டிசம்பர் கழியாது. எங்கள் யூனிட்டில் டெய்லர். வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங் புஷ்பக்கா, குடிக்காத கசாயத்துக்கு இத்தன பட்டையா? எங்கூட்டு கொழம்புக்கு ஒரு துண்டு குடுத்தா புண்ணியமாப் போகுங்" என்பாள். ஆனால் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பவளும் அவள்தான். நானும் லேசுப்பட்டவள் இல்லை. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது பின்னாலிருந்து அந்த வாசம் வரும். மற்ற மாதமெல்லாம் எங்கள் தெருவுக்கு ஒரே வாசம்தான், சாக்கடையும் மெஷின் எண்ணெயும். டிசம்பரில் மட்டும் ஏதோ பெரிய மனிதர்கள் குடியிருக்கிற தெரு மாதிரி ஆகிவிடும்.

அவள் வாசலைத் தாண்டி யார் போனாலும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பாள். "வாசம் எப்பிடி இருக்கு?" தண்ணீர் கேன் போடுகிறவர், கேஸ்காரர் எல்லோரிடமும் கேட்பாள். சொல்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் "சூப்பரா இருக்குது புள்ள" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். பாராட்டுக்கு ஏங்குகிறாள், நல்ல மனுசிக்கு இப்படி ஒரு ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த டிசம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கம்பெனி மொத்தமாகத் தைக்கக் கொடுத்த லாட், பிறந்த குழந்தைக்குப் போடுகிற ரோம்பர். கை, கால், உடம்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு. சாயம் போட்டு வர வேண்டிய துணி தாமதமாக வந்ததால் எல்லாமே தள்ளிப்போய் கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்து நின்றது. பிறந்த குழந்தைத் துணிக்குச் சட்டதிட்டம் அதிகம். அதில் ஒன்று, துணியில் எந்த வாசமும் இருக்கக் கூடாது. கெட்ட வாசம் மட்டுமில்லை, நல்ல வாசமும் கூடாது. பச்சைக்குழந்தைக்குத் தும்மல் வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் எங்கள் பேக்கிங் அறை வாசலில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருக்கிறேன். தலையில் பூ வைத்து வருகிற பெண்கள் அதை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வாடினதை எடுத்து வைத்துக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை சாம்பிராணியை ஆபீஸ் அறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு எங்களுக்குள் நடந்த சண்டையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்கள் பாதிப்பேர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். செக்கிங் மேசையில் ஆள் இல்லை. புஷ்பம்தான் வந்து கேட்டாள்.

"மிச்சம் இருக்கறத நான் வீட்டுக்குக் கொண்டு போயிப் பிசிறு வெட்டிக் கொண்டாரேம்க்கா. ஆசீரும் ஊருல இல்ல, அவுக தங்கச்சி வீட்டுக்கு முன்னாலயே போயாச்சு. நான் ஒத்தையிலதான் இருக்கேன்."

பண்டலை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது வழக்கமில்லை. வேறு யாராக இருந்தாலும் முடியாது என்றிருப்பேன். புஷ்பம் என்பதால் கொடுத்தேன். அவளும் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தாள். கட்டிலைக் கழுவித் துடைத்து, புதுத் துணியை விரித்து அதன்மேல் அடுக்கினாள். கொசுவர்த்தி ஏற்றாமல் கடியைத் தாங்கிக்கொண்டு படுத்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை, வாசம் ஒட்டிவிடும் என்று பிரிக்காமலே கோமளாவிடம் கொடுத்துவிட்டாள். கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது என்பது காம்பவுண்டுக்கே தெரியும்.

இத்தனையும் செய்தவள், கட்டிலுக்கு எதிரில் ஸ்டூல்மேல் இருந்த குக்கரை மட்டும் அணைக்கவில்லை. அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருந்தது.

அதுவும் இந்த வருசம் வாசம் தூக்கலாகவே இருந்தது. கோலம் போடும்போது நானே சத்தமாகச் சொன்னேன், "என்ன புள்ள, இந்த வருசம் கிராம்பு விக்கிற கடையவே வாங்கிப் போட்டியா?" என்று. அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். பண்டலுக்கும் குக்கருக்கும் முடிச்சுப் போட எனக்கும் தோன்றவில்லை. காம்பவுண்டே அந்த வாசத்தில் ஊறிக் கிடந்ததால், புஷ்பம் கொண்டுவந்து பேக்கிங்கில் இறக்கினபோதும், பையில் போட்டபோதும் எங்கள் யார் மூக்கிலும் தட்டவில்லை.

தட்டியது தேஜஸ்ரீயின் மூக்கில். கம்பெனியிலிருந்து துணியைச் சோதித்துப் பாஸ் போட வருகிற பெண். சின்ன வயசு, நல்ல மரியாதை, ஆனால் வேலையில் துளி விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு பையைப் பிரித்தாள். துணியை எடுக்கக்கூட இல்லை, முகம் சுருங்கியது. இன்னொன்றைப் பிரித்தாள். இன்னொன்று.

"ஆன்ட்டி, ஸ்மெல் இருக்குதுங்."

நான் வாங்கி மோந்து பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு மனசு குளிர்ந்தது. ஆரஞ்சும் பட்டையுமாக அத்தனை நன்றாக இருந்தது. அதற்கப்புறம்தான் கையில் இருப்பது ரோம்பர் என்பது உறைத்தது. 

"இது பாஸ் ஆகாதுங் ஆன்ட்டி. நியூபார்ன் லாட்டுங். நாளைக்குச் சாயங்காலம் தூத்துக்குடிக்கு லாரி ஏறோணும். நான் நாளைக்கு மத்தியானம் மறுபடி வர்றனுங். அதுக்குள்ள ஸ்மெல் போனாச் சரி. போகலீன்னா ரிஜெக்ட் போடறதத் தவிர எனக்கு வேற வழியில்லீங்."

துவைக்கலாம் என்றால் லேபிள் வைத்து, அயர்ன் போட்டு முடிந்த துணி. தண்ணீர் பட்டால் அளவு மாறிவிடும். இந்த லாட் நின்றால் அடுத்த லாட்டை எங்களுக்குத் தர மாட்டார்கள். எங்கள் ஷெட்டில் மெஷின் நின்றால் லைன் வீடுகளில் அடுப்பும் நிற்கும். நான் நேராகப் புஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் கோபம் ஏறிக்கொண்டே போனது.

"உனக்குப் புத்தி இருக்குதா புள்ள? கொழந்தத் துணிய வெச்சுக்கிட்டு எதுத்தாப்புல கசாயம் காய்ச்சுனியா? இந்தா, மோந்து பாரு!"

ரோம்பரை அவள் கையில் வைத்தேன். அவள் முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரலியேக்கா. கட்டுறதுக்கு முன்னால எல்லாத்தயும் மோந்து பாத்துத்தானே கட்டுனேன்."

"பொய் வேற சொல்றியா?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. திரும்பிப் போய் ஸ்விட்சை அணைத்து, குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். கையில் சூடு பட்டிருக்கும். ஊதிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குமேல் சண்டை போட நேரம் ஏது? மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினோம். யூனிட்டில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் பையைப் பிரித்து ரோம்பரைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். மார்கழி வெயில் இதமாக இருந்தது, காற்றும் இருந்தது. மாடி முழுக்கச் சின்னச் சின்னக் கையும் காலுமாக ஆடிக்கொண்டிருந்ததைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு வள்ளியாத்தாள் மாடியிலிருந்து, "சாரதா, யாருக்குப் புள்ள இத்தன கொழந்த?" என்று கேட்டாள். நான் அடுத்த ரோம்பருக்குக் கிளிப்பைத் தேடினேன்.

வெயில் கொஞ்சம் பட்டதும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, வாசம் போனதை ஒரு பக்கம், போகாததை ஒரு பக்கம் பிரிக்கும் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். பத்துப் பன்னிரண்டு துணி மோந்ததும் மூக்கு மரத்துவிடுகிறது. எதுவும் மணக்கவில்லை, அல்லது எல்லாமே மணக்கிறது. கோமளா ஒரு ரோம்பரை மோந்து "போயிருச்சுங்" என்பாள். அதையே ஒடிசாப் பெண் வாங்கி மோந்து "ஹை, தீதி" என்பாள், இருக்கிறது அக்கா என்று. என்னிடம் கொடுத்தால் எனக்கு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. கடைசியில் மூக்கு மரத்தவர்களைத் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அங்கே டீக்கடையில் பஜ்ஜி போடுகிறார்கள். போனவர்கள் பஜ்ஜி வாசத்தோடு திரும்பி வந்தார்கள். அது தெளிவதற்கு இன்னொரு நடை.

நானும் ஒரு கட்டத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிழலில் போய் உட்கார்ந்தேன். மூக்கு சுத்தமாக வேலை செய்யவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள், வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். எல்லோரும் மோந்துகொண்டிருக்க, புஷ்பம் மட்டும் துணியைத் திருப்பிப் போடுவதும் கிளிப்பைச் சரி செய்வதுமாக இருந்தாள். ஒன்றைக்கூட மூக்குக்குக் கொண்டுபோகவில்லை.

"ஏம்புள்ள, நீ மட்டும் ஏன் மோந்து பாக்காம நிக்கற? கோபத்துல ரண்டு வார்த்த சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவியா?"

அவள் பக்கத்தில் வந்து தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு மணம் தெரியாதுக்கா."

"சளி புடிச்சிருக்குதா?"

"சளியில்ல. கொரோனா வந்ததுல்லா, அப்ப போச்சு. காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு, மூக்கு மட்டும் திரும்பி வரல. ஆஸ்பத்திரியில பாத்தாச்சு. வந்தா வரும், வராமலும் போகலாம்னு சொல்லிட்டாவ. ஆசீருக்கு மட்டுந்தான் தெரியும். பால் பொங்குனாலும் அடுப்புல கறி தீய்ஞ்சாலும் அவுகதான் சொல்லுவாவ. குக்கர்ல எது எவ்வளவு போடணும்னும் அவுகதான் மோந்து பாத்துச் சொல்லுவாவ. இந்த வருசம் அவுக இல்ல. நானா ஒரு கையளவுக்குக் கிராம்ப அள்ளிப் போட்டுட்டேன்."

அவளுக்கு எப்போது பார்த்தாலும் சளி என்பது அப்போது ஞாபகம் வந்தது. செக்கிங் மேசையில் ஈரத்துணி மாதிரி சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவளிடம், "எனக்குச் சளி, நீ மோந்து சொல்லுட்டி" என்று கொடுப்பாள். வருசம் பூராவும் ஒருத்திக்குச் சளி இருக்குமா என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

"இத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"மணம் தெரியாதவளச் செக்கிங்ல யாருக்கா வைப்பா?"

 அப்போதே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சரி, கருவாட்டத் தூக்கிக் குடுத்தவளுக்கு, குக்கர அணைக்கோணும்னு தோணலியா?"

"கருவாடு மணக்கும்னு தெரியும். கொசுவர்த்தி மணக்கும், எண்ணெ மணக்கும், எல்லாம் தெரியும். கெட்டதுதான் ஒட்டும்னு நெனச்சிட்டேம்க்கா. தெனமும் ஆணியில பூவ மாட்டிட்டுப் போறவதான், ஆனாலும் இந்த நல்லதும் போயி ஒட்டும்னு நெனக்கல." கயிற்றில் ஆடுகிற துணியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இப்ப அது வெறும் ஆவிதானக்கா" என்றாள்.

 கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், லாரி போகவில்லையே. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வெறும் ஆவின்னா அப்பறம் எதுக்குப் புள்ள வருசா வருசம் காய்ச்சற?"

"எனக்கு வரலன்னா என்ன? வாசல்ல வர்றவுக மொகத்துல வருதுல்லா. அதப் பாத்துக்கிடுவேன். நீங்க கோலம் போடும்போது கண்ண மூடி ஒரு இழுப்பு இழுப்பிய. அன்னைக்கு ஆரஞ்சு நல்லா எறங்கியிருக்குன்னு தெரிஞ்சுக்கிடுவேன்."

சொல்லிவிட்டுக் கயிற்றடிக்குப் போய்விட்டாள். வெயில் நகர நகர அவளும் துணியை நகர்த்திக்கொண்டே இருந்தாள். பொழுது இறங்கியதும் பனி விழுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கட்டிங் ஹாலுக்கு இறக்கி, மேசைகள்மேல் பரப்பி, காற்றாடிகளைப் போட்டுவிட்டோம். காலையில் மறுபடியும் மாடி, மறுபடியும் வெயில், மறுபடியும் மூக்கு. அன்றைக்கு நான் பின்பக்கம் போகவில்லை. கோலம் போடும்போது பின்னாலிருந்து எந்த வாசமும் வரவில்லை, சாக்கடையைத் தவிர.

சொன்ன மாதிரி மத்தியானம் தேஜஸ்ரீ வந்தாள். நாங்கள் எல்லோரும் பேக்கிங் அறை வாசலில், அந்தப் பூ மாட்டுகிற ஆணிகளுக்குக் கீழே நின்றோம். உள்ளே போனால் எங்கள் தலை எண்ணெய்கூட வாசமாகப் போய்விடுமோ என்ற பயம். புஷ்பம் எல்லோருக்கும் பின்னால் நின்றாள். தேஜஸ்ரீ ஒன்றை எடுத்துக் கண்ணை மூடி மோந்தாள். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. அந்தப் பெண் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நாங்கள் மூச்சை நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் வேலவா, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சாம்பிராணி போடவில்லை, அதுவரைக்கும் நல்லது.

"இந்த ஓரத்துல இருக்கறதுல மட்டும் லேசா இருக்குதுங் ஆன்ட்டி. அத எடுத்துருங். மிச்சமெல்லாம் ஓகேங். வெயில் வாசந்தான் வருதுங்."

கோமளா சத்தமாகக் கையைத் தட்டினாள். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் புஷ்பத்தைக் காணோம். லாரி ஏறும்போதும் அவள் வரவில்லை. ஓரத்தில் எடுத்த ஒரு பை ரோம்பரைக் கோமளா கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் மகளுக்குத் தையில் பிரசவம். "வாசமாப் பொறக்கட்டுமுங்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம், மறுநாள் கிறிஸ்துமஸ், புஷ்பம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஊருக்குப் போகிற பை தோளில். கையில் அவளுடைய பிசிறு வெட்டும் கட்டரும், கழுத்தில் மாட்டுகிற கம்பெனி அடையாள அட்டையும். இரண்டையும் நீட்டினாள்.

"ராத்திரி பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேம்க்கா. இத நீங்களே வச்சுக்கிடுங்க. பண்டிகை முடிஞ்சதும் வந்து வீட்டக் காலி பண்ணித் தாரேன்."

எனக்கு வந்த கோபம் முந்தின நாள் வந்ததைவிடப் பெரிசு.

"கட்டரக் குடுத்துட்டு? பல்லுல கடிச்சுப் பிசிறு எடுக்கப்போறியா? ஒரு லாட் முழுக்க நாங்க அத்தன பேரும் மோந்து மோந்து செத்தம். உனக்கு மூக்கில்லீன்னா பக்கத்துல கோமளாக்கு இருக்குது, எனக்கு இருக்குது. எங்க யாருக்காவது உன்ற கண்ணு இருக்குதா? சளி சளின்னு இத்தன வருசம் ஏமாத்துனதுக்கு ஒரு நாள் உன்னக் கட்டி வெச்சு ஒதைக்கோணும். அது தனி. இந்தக் கட்டரப் பையில வெய்யி மொதல்ல."

அவள் வைத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. கட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அவள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது, லைட் போடாமல். உள்ளே ஒரு துணிப் பண்டல்கூட இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். குக்கர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. "வையி" என்றேன்.

"வேண்டாம்க்கா."

"வையின்னு சொல்றனல்லொ."

தண்ணீர் ஊற்றினாள். டப்பாவில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் இருந்தது. பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு. சுக்கை அம்மியில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள். ஸ்விட்சைத் தட்டிவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் சூடாகி, ஓரத்தில் குமிழி விட்டு, மெல்ல ஆவி எழுந்தது. அவள் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். வழக்கமான கேள்விதான், ஆனால் குரல் எழும்பவே இல்லை.

"வாசம் எப்பிடி இருக்குக்கா?"

சூப்பரா இருக்குது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டேன். குக்கருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

"மொதல்ல ஆரஞ்சு வருது. தோல உரிக்கும்போது கண்ணுல தெறிக்குமே, அந்தக் காரம் இல்ல. இது வெந்து, இனிப்பா வருது. அதுக்குப் பொறகால பட்டை. அன்னாசிப்பூ இருக்குதான்னு தேடோணும், தேடுனா இருக்குது. சுக்கு தொண்டையில வந்து நிக்குது. எலுமிச்ச எல இன்னிக்குப் போடலியா?"

"தீந்துபோச்சுக்கா. இந்த டிசம்பர்ல மரமே மொட்டையாப் போச்சு."

"அதான், ஒரு பச்ச வாசம் கொறையுது."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எங்கோ வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் கோமளா ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"கிராம்பு?" என்றாள்.

"கொஞ்சம் தூக்கல்தான்."

புஷ்பம் கரண்டியை எடுத்து, இரண்டு கிராம்பைத் தேடி அரித்தெடுத்துத் தட்டில் போட்டாள். ஆவிக்கு மேலே என் முகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"இப்ப?"